கால்மாட்டுக் குளிர்

“சாவுக்கு முன்னால் அரசனும் வலைக்காரனும் ஒன்றே. அது எல்லாரையும் ஒன்றுபோலக் குளிர வைத்துவிடுகிறது” என்று பங்குச்சாமியார் கண்ணாடி மூடியின் மேல் கைவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, போஸ்கோ கால்மாட்டுக் கதவை லேசாகத் திறந்து கையை உள்ளே விட்டு மாமனாரின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தான். குளிரவில்லை. கொல்லத்தில் ஏப்ரல் மாதப் பிற்பகல் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடு க்ளீட்டஸ் பெரேராவின் காலிலும் இருந்தது.

தலைமாட்டில் நிலைமை வேறு. நெற்றியில் பனி பூத்திருந்தது. புருவம் வெளுத்து, மீசை விறைத்து, உயிரோடிருந்த காலத்தில் எவ்வளவு முயன்றும் வராத ஒரு கம்பீரம் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கழுத்து வரை அயர்லாந்து, கழுத்துக்குக் கீழே கொல்லம்.

அயர்லாந்து என்றதும் சொல்ல வேண்டும், அவருடைய ஒரே மகன் ரெஜி அங்கேதான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறான். காலையில் புட்டும் பழமும் சாப்பிட்டுவிட்டு, பேப்பரில் மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்து, தெரிந்தவர்கள் யாராவது போயிருக்கிறார்களா என்று வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்த க்ளீட்டஸ், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார் என்று போனில் சொன்னபோது, ரெஜி கொஞ்ச நேரம் அழுதுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான். “நான் வந்து முகம் பாக்காம அடக்கம் பண்ணிடாதீங்க.” டிக்கெட் கிடைத்து வந்து சேர நாளன்றைக்கு ஆகிவிடும். அந்தத் தேவாலயப் பங்கில் இது புதிதில்லை. வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு கிடையாது என்பதால், எந்தச் சாவும் விமானத்துக்குக் காத்திருந்தே தீர வேண்டும். அதற்காகத்தானே பெட்டி.

அந்தப் பெட்டியைச் செய்தவரே இப்போது உள்ளே படுத்திருந்தார்.

ஊரில் அவரை எஞ்சினீயர் என்றார்கள். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய தகுதி உள்ளவர்கள் எல்லாரும் அவரிடம் ஃப்ரிட்ஜைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். உடைக்கப் போன ஒரு விசைப்படகின் மீன் அறையிலிருந்து மெஷினைக் கழற்றி, எஃகுத் தகடும் கண்ணாடியும் வைத்து, சவத்தைக் கெடாமல் வைக்கும் பெட்டியாக அவர் பங்குக்குக் கட்டிக் கொடுத்தபோது, மறைமாவட்ட ஆயர் நேரில் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அது முதல் திறப்பு விழா.

இரண்டாவது திறப்பு விழாவில்தான் வினை பிடித்தது. பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய இருபத்திரண்டாம் நம்பர் வாயு ஓசோனில் ஓட்டை போடுகிறது என்று அரசாங்கம் அதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டு வந்தது. கடைகளில் சிலிண்டர் கிடைக்கவில்லை. பழைய வாயுவை எடுத்துவிட்டு நானூற்று நாலாம் நம்பரைப் போட்டுப் பெட்டியை மாற்றி அமைப்பது என்று க்ளீட்டஸ் தீர்மானித்தார். வேலையைச் செய்தவன் போஸ்கோ. பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றினான், வடிகட்டியை மாற்றினான், குழாய்களைச் சுத்தம் செய்தான். எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வந்தபோது மாமனார் கையைப் பிடித்தார்.

“அத எதுக்குக் கழட்டற?”

“இது இருபத்திரெண்டோட வால்வு அப்பச்சா. புது கேஸுக்கு வேற. வாங்கி வச்சிருக்கேன்.”

“அது வெளிநாட்டுச் சாமான். ஆயர் கை பட்டது. பித்தளைக்கு என்னடா தெரியும், உள்ள ஓடறது இருபத்திரெண்டா நானூத்திநாலான்னு?”

பித்தளைக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். அந்த வால்வு ஒரு வாசல்காரன் மாதிரி. குளிர்க்குழாய்க்குள் எவ்வளவு திரவத்தை விடலாம் என்று அளந்து அளந்து விடுவான். எந்த வாயுவுக்குப் பழகினானோ அதன் அழுத்தம்தான் அவனுக்குக் கணக்கு. புதிய வாயு அதைவிட முறுக்காக அழுத்தும். வாசல்காரன் உள்ளே கூட்டம் நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே போன கொஞ்சம் திரவம், குழாயின் ஆரம்பத்திலேயே குளிர்ந்து தீர்ந்துபோகும். பெட்டியில் குழாய் தலைமாட்டில் ஆரம்பித்துக் கால்மாட்டில் முடிகிறது.

இதைப் போஸ்கோ ஒரு தடவை சொன்னான். ஒரு தடவைதான். இரண்டாம் தடவை சொல்லும் மருமகன்களை க்ளீட்டஸுக்குப் பிடிக்காது. புதிய வால்வு பொட்டலம் பிரிக்காமல் பட்டறை மேசையின் இழுப்பறைக்குப் போயிற்று.

விழா பிரமாதமாக நடந்தது. பெட்டியின் பக்கவாட்டில் பித்தளைப் பலகை அடித்தார்கள். ‘ஓசோன் படலத்துக்கு ஊறு செய்யாத நடமாடும் சவக்குளிர்ப் பேழை. மாற்றி அமைத்தவர்: எஞ்சினீயர் க்ளீட்டஸ் பெரேரா, பெரேரா அண்ட் சன் ரெஃப்ரிஜரேஷன்.’ பூமியைச் சூடாக்குவதில் புதிய வாயு பழையதைவிடக் கெட்டிக்காரன் என்று சிலிண்டரோடு வந்த தாளில் போட்டிருந்தது. பலகையில் அதற்கு இடமில்லை. பேழை எப்படிக் குளிர்கிறது என்று காட்ட வேண்டுமே, படுத்துக் காட்ட யாரும் முன்வராததால், எலுமிச்சைச் சாறு பாட்டில்களை உள்ளே அடுக்கி, ஜில்லென்று எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். “எல்லாத்தையும் தலைமாட்டுல அடுக்கு” என்று மாமனார் சொன்னதைப் போஸ்கோ அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு பெட்டி பல வீடுகளுக்குப் போய் வந்தது. புகார் வரவில்லை. குளிர்பதனத் தொழிலில் புகார் சொல்லாத ஒரே வாடிக்கையாளர் இறந்தவர்தான். திரும்பி வரும்போது கால்மாட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும். பனி உருகிய தண்ணீர் என்று போஸ்கோ துடைத்துவிடுவான். மீன் வாடை அடிக்கும். இந்த ஊரில் மீன் வாடை அடிக்காத பொருள் எது?

இப்போது ஜெபம் முடிந்து பங்குச்சாமியார் காப்பி குடிக்கப் போனார். போஸ்கோ சமையலறைக்குப் பின்னால் போய் மனைவி ஜெஸிந்தாவிடம் மெல்லச் சொன்னான்.

“முழங்காலுக்குக் கீழ குளிரே இல்ல. நாளன்னைக்கு வரைக்கும் தாங்காது.”

ஜெஸிந்தா அழுது வீங்கிய முகத்தோடு அவனைப் பார்த்தாள். “என்ன சொல்றீங்க? அப்பச்சனோட பெட்டி அது.”

“அதனாலதான் சொல்றேன்.”

“அப்ப என்ன பண்றது?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்சி வாசகசாலைக்காரங்க புதுசா ஒரு பெட்டி வாங்கியிருக்காங்க. கேட்டா இப்பவே குடுப்பாங்க.”

கதவருகில் வந்து நின்ற மாமியார் திரேசாவை இருவரும் பார்க்கவில்லை. கறுப்புப் புடவையில் அவள் இன்னும் குள்ளமாகத் தெரிந்தாள்.

“கட்சிக்காரன் பெட்டியா?” என்றாள். “ஜன்மத்துல அந்தப் படி ஏறாத மனுஷன். செத்ததும் தூக்கிட்டுப் போய் அங்க படுக்க வைக்கணுமா?”

“அங்க இல்ல அம்மச்சி, பெட்டிய இங்க கொண்டு வருவாங்க.”

“கொண்டு வரும்போது ரோட்டுல எத்தன பேரு பாப்பாங்க மோனே? எஞ்சினீயரு பெட்டிலயே எஞ்சினீயருக்கு எடமில்லன்னு பேசிப்பாங்க. ரெஜி வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோ. உனக்குத் தெரியாததா.”

சொல்லிவிட்டு அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். உனக்குத் தெரியாததா என்பது புகழ்ச்சியா குற்றச்சாட்டா என்று போஸ்கோவுக்குப் பிடிபடவில்லை. பதினெட்டு வருஷமாக ‘பெரேரா அண்ட் சன்’ பலகைக்குக் கீழே சன் இல்லாத இடத்தில் நின்று வேலை பார்க்கிறவன் அவன். அவனிடம் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

வால்வை மாற்றுவது என்றால் வாயுவை முழுக்க வெளியே எடுக்க வேண்டும், கேஸ் டார்ச் பிடித்துக் குழாயைப் பற்றவைக்க வேண்டும், காற்றை உறிஞ்ச வேண்டும், மறுபடி நிரப்ப வேண்டும். அதுவரை பெட்டி ஓடாது. துக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில், மாமனாரின் தலைக்குக் கீழே டார்ச் நெருப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியுமா? ஒரு வழிதான் இருந்தது. வால்வின் பக்கவாட்டில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னத் திருகு. அதை இடப்பக்கமாகத் திருகத் திருக, வாசல்காரன் கொஞ்சம் தாராளமாவான். திருகியதும் பலன் தெரியாது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த திருகல்.

சாயங்காலம் ஜெபமாலை ஆரம்பித்தது. போஸ்கோ தலைமாட்டில் மண்டியிட்டான். வலது கை பெட்டியைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணிக்குக் கீழே போயிற்று. கையில் மாலை இல்லை, சின்ன ஸ்பானர்.

முதல் தேவரகசியத்தின் பத்து ஜெபத்துக்கு ஒரு கால் திருகு. பெண்கள் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொல்ல, அவன் தலையைக் குனிந்து, எஃகுத் தகட்டில் பனியின் ஓரம் எங்கே இருக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குக் கீழே லேசாக வெளுத்தது. அடுத்த தேவரகசியத்துக்கு இன்னொரு கால் திருகு. பனி வயிற்றை எட்டியது. வியர்வை அவன் கன்னத்தில் வழிந்தது. அயர்லாந்துக்கு நேரடி ஒளிபரப்புச் செய்துகொண்டிருந்த வீடியோக்காரன் அதைத் தவறவிடவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து எடுத்தான்.

“பாருங்க, அந்த மருமகன” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. “சொந்த மகன்கூட இப்படி முட்டி போட மாட்டான்.”

“என் மருமகன் என்னை டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போகல” என்றாள் இன்னொருத்தி. “இவன் பெட்டிய விட்டு நகர மாட்டேங்கறான்.”

“அவருக்கு இவன்மேல உயிரு. வெளிய காட்டிக்க மாட்டாரு.”

க்ளீட்டஸ் வெளியே காட்டிக்கொள்ளாத விஷயங்களில் அது நிச்சயமாக இருந்தது. போஸ்கோ அடுத்த கால் திருகைத் திருகினான்.

பங்குக் கமிட்டியின் செயலாளர் ஹில்லாரி சார் வந்து அவன் தோளைத் தொட்டார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எந்தச் சாவுக்கும் முன்னதாக வந்துவிடுவார், இரங்கல் தீர்மானம் சட்டைப்பையில் இருக்கும்.

“போஸ்கோ மோனே, மனசத் தேத்திக்கோ. ஒரு சந்தேகம். ஃபிளெக்ஸ்ல ‘ஓசோன் காவலர்’னு போடறோம். ‘ஓசோன் படலக் காவலர்’னு போடணுமா?”

“எதப் போட்டாலும் சரி சார்.”

“இல்ல, நாளைக்கு யாராவது தப்புச் சொல்லக்கூடாது. ரெஜியும் பாப்பான் இல்லையா.”

“படலம்னே போடுங்க.”

“அதான் நானும் நெனச்சேன். என்ன கீழ தேடற?”

“மாலை விழுந்துடுச்சு சார்.”

ஹில்லாரி சாருக்குக் கண் கலங்கியது. போஸ்கோவின் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

ஜெபமாலை முடியும் நேரத்தில் பனி தொடையைத் தாண்டி முழங்கால் வரை வந்தது. போஸ்கோ இன்னும் திருகப் பார்த்தான். திருகு தீர்ந்துவிட்டது. அதற்குமேல் சுற்ற அதில் ஒன்றுமில்லை. வாசல்காரன் கதவைத் தன்னால் ஆன மட்டும் திறந்துவிட்டான், ஆனால் வாசலே சின்னது. முழங்காலுக்குக் கீழே, வெள்ளைக் காலுறையும் பளபளக்கும் கறுப்பு ஷூவும் மாட்டிய கால்கள், ஊரில் எல்லாருடைய கால்களையும் போலவே வெந்துகொண்டிருந்தன.

மறுநாள் விடியும் முன்பே ரெஜி வீடியோவில் வந்தான். எங்கோ ஒரு பெரிய விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான். மாறி ஏற வேண்டிய விமானத்தைத் தவறவிட்டுவிட்டானாம். இன்னும் ஒரு நாள் ஆகுமாம். ஜெஸிந்தா போனைக் கண்ணாடிக்கு மேலே பிடித்தாள்.

“அப்பச்சா” என்று விசும்பினான் ரெஜி. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “முகம் எப்படி இருக்கு பாரு. நேத்து வச்ச மாதிரியே இருக்கு. அப்பச்சன் மெஷின் இல்லையா, ஒரு வாரம்கூடத் தாங்கும். போஸ்கோ எங்க?”

“இங்கதான் இருக்கேன்.”

“மெஷின்ல கை வச்சுடாத. அது அவரு செட்டிங்.”

“வைக்கல.”

“கொஞ்சம் கால் பக்கம் காட்டு ஜெஸி.”

ஜெஸிந்தா புருஷனைப் பார்த்தாள். “நெட் சரியில்லடா” என்று போனை அணைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்பாவுக்கு எதிராகச் செய்த முதல் காரியம் அது. அவருக்காகச் செய்த காரியமும் அதுதான்.

விடிந்து வெளிச்சம் வந்ததும் போஸ்கோ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனான். படகுகள் ஒதுங்கி ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் ஃபேக்டரியில் பிரசன்னன் பெரிய பாளத்தை அரவையில் தள்ளிக்கொண்டிருந்தான். போஸ்கோவைப் பார்த்ததும் அரவையை நிறுத்தினான்.

“எஞ்சினீயரு போயிட்டாராமே. சாயங்காலம் வரலாம்னு இருந்தேன் சேட்டா.”

“கொஞ்சம் ஐஸ் வேணும்.”

“ரெண்டு மூட்டை போதும். கால்மாட்டுக்குத்தான?”

போஸ்கோ ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டான். சரியாக நிற்கவில்லை. மறுபடி போட்டான்.

“கால்மாட்டுக்குன்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? அந்தப் பெட்டி போற வீட்டுலேர்ந்து காலைல முதல்ல இங்கதான வர்றாங்க. கல்லறை வெட்டறவன்கிட்ட சொல்றதே அதுக்கப்பறம்தான். ஆக்னஸ் சேச்சி வீட்டுக்கு மட்டும் மூணு மூட்டை. அவங்க கொஞ்சம் உயரம்.”

“என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே.”

“எப்படிச் சொல்லுவாங்க? அந்தப் பலகைல அவரு பேரு அவ்வளவு பெருசா இருக்கு. பொணத்த வச்சுக்கிட்டு சண்டை போட முடியுமா?” பிரசன்னன் சாக்கை உதறினான். “அப்பறம், அவங்களுக்கும் இது பழகிப்போச்சு. மாலை, மலர்வளையம், ஐஸு. சாமானோட சாமான்.”

போஸ்கோ கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து ஒருவரிடமிருந்து மறைத்திருக்கிறது. அதில் ஒரு மரியாதையும் இருக்கத்தான் செய்தது.

“நல்லவேளை” என்றான். “அவருக்குத் தெரியாம போய்ச் சேர்ந்தாரு.”

“யாருக்கு?”

“அப்பச்சனுக்கு.”

பிரசன்னன் சாக்கின் வாயைக் கட்டப்போனவன் கட்டவில்லை.

“அவரு அண்ணன் செத்தப்ப அவரேதான் வந்தாரு சேட்டா. இந்த ஸ்கூட்டர்லதான். ‘மீன் வாடை இல்லாத ஐஸா பாத்துக் குடு’ன்னாரு. நம்மகிட்ட எங்க அப்படி இருக்கு?”

ஏலக்காரனின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சாளை மீன் ஏலம்.

“இப்ப இருக்கா?” என்றான் போஸ்கோ.

“எது?”

“வாடை இல்லாதது.”

“இல்ல.”

இரண்டு மூட்டைகளையும் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார்கள். துக்க வீட்டில் ஐஸ் எதற்கு என்று கேட்பார்களே என்ற கவலையோடு பின்பக்கமாக வந்தான். யாரும் கேட்கவில்லை. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் பேசாமல் வழிவிட்டார்கள். ஒருத்தி எழுந்து கதவைக்கூடத் திறந்துவிட்டாள். முன்கூடத்தில் இருந்த ஆண்கள், யாரும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராகக் காப்பி குடிக்க முற்றத்துக்கு எழுந்து போனார்கள். ஹில்லாரி சார் கடைசியாகப் போனார். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

கூடத்தில் திரேசா மட்டும் இருந்தாள். அவள் எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து மடித்து வைத்திருந்த நீலத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். போஸ்கோ அதை விரித்தான். பெட்டியின் கால்மாட்டு அளவுக்கு அச்சாக வெட்டியிருந்தது. தகடு வளையும் இடத்தில் துணியும் வளைத்து வெட்டப்பட்டிருந்தது. மூலைகளை அப்படி உருட்டி வெட்டுகிற கை எது என்று அவனுக்குத் தெரியும். பட்டறையில் மாமனார் பிடிக்கும் தகரம் வெட்டும் கத்திரி.

திரேசா கால்மாட்டுக் கதவைத் திறந்து, புருஷனின் இரண்டு கால்களையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். இதற்கு முன்னால் செய்து பழகியவள் போலப் பிடித்தாள். போஸ்கோ தார்ப்பாயை விரித்து ஐஸைப் பரப்பினான். காலைச் சுற்றி அணைத்து, மேலே வெள்ளைத் துணியை இழுத்துவிட்டான். தார்ப்பாய் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. இருவரும் பார்த்தார்கள்.

“இதுவே போதும்” என்றாள் திரேசா.

அன்றிலிருந்து ரெஜி வரும் வரைக்கும் காலையும் சாயங்காலமும் ஐஸ் மாற்றினார்கள். நடுவில் போஸ்கோ பட்டறைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, பொட்டலம் பிரிக்காத வால்வை எடுத்துக் கறுப்புப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். அடக்கம் முடிந்து பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

ரெஜி வந்தான். வீதியில் கார் நின்றதுமே அழுகை கூடத்தை எட்டிவிட்டது. ஏழெட்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். கண்ணாடியைத் திறந்ததும் அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டான். நெற்றி கல்லாகியிருந்தது, ஒரு கணம் அவன் உதடு அதில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் கால்மாட்டுக்கு ஓடி, துணிக்கு மேலாகவே கால்களைக் கட்டிக்கொண்டான்.

“கால் ஐஸ் மாதிரி இருக்கே” என்று அழுதான்.

கூட்டத்தில் ஒருத்தர் இருமினார்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் ரெஜி போஸ்கோவின் கையைப் பிடித்துக்கொண்டான். “பாத்தியா? செத்தும் தன் வேலையக் காட்டிட்டாரு. அங்கல்லாம் இவ்வளவு பெரிய பெட்டி வச்சிருக்கான், இந்தக் குளிர் கிடையாது.”

“ம்.”

“நீ பக்கத்துல இருந்து கத்துக்கிட்டது உன் பாக்கியம்டா.”

“ம்.”

சவப்பெட்டிக்கு மாற்றுவதற்கு முன்னால் ஹில்லாரி சார் மைக்கைப் பிடித்தார். மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருக்க, கையிலிருந்த தாள் படபடத்தது. மறைந்த மாமேதையின் நினைவைப் போற்றும் வகையில் பங்குக் கமிட்டி ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருப்பதாக அறிவித்தார். இந்தப் பேழை இனி எஞ்சினீயர் க்ளீட்டஸ் பெரேரா நினைவுப் பேழை என்று அழைக்கப்படும். அவர் கைபட்ட நிலையிலேயே அது என்றென்றும் பாதுகாக்கப்படும். அதில் ஒரு திருகுகூட மாற்றப்படாது. பராமரிப்புப் பொறுப்பை அவருடைய மருமகன் போஸ்கோ ஏற்பார்.

அவர் சொல்லி முடித்ததும் எல்லாரும் போஸ்கோவைப் பார்த்தார்கள். ரெஜி கண்ணீரோடு பார்த்தான். ஹில்லாரி சார் மைக்கை நீட்டினார். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்ததைப் போஸ்கோ கவனித்தான். ஐஸ் ஃபேக்டரிக்கு அவரும் ஒரு நாள் போயிருக்க வேண்டும். திரேசா மட்டும் பார்க்கவில்லை. அவள் புருஷனின் கோட்டுக் காலரைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

போஸ்கோவின் பேண்ட் பைக்குள் வால்வு தொடையில் இடித்தது.

“ஏத்துக்கறேன்” என்றான் மைக்கில்.

கை தட்டக்கூடாத இடம் என்பதால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

காலைச் சுற்றியிருந்ததையெல்லாம் துணியோடு அப்படியே சவப்பெட்டிக்கு மாற்றித் தூக்கினார்கள். முன்னால் சிலுவை, அப்புறம் கறுப்புக் கொடி, வெள்ளைக் குடை பிடித்த பங்குச்சாமியார், பிறகு பெட்டி. கால்மாட்டுப் பக்கம் போஸ்கோவின் தோளில் இருந்தது. வெயில் கொளுத்தியது. தெரு திரும்புவதற்குள் அவன் சட்டையின் தோள்பட்டை நனைந்துவிட்டது. பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் ரோட்டில் விழுந்த சொட்டுகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். பார்ப்பதற்கு அதுவும் ஒரு சடங்கு போலவே இருந்தது. ரெஜி முன்னால் நடந்ததால் அவனுக்குத் தெரியவில்லை.

மீன் சந்தைத் திருப்பத்தில் ஒரு பூனை சேர்ந்துகொண்டது. சாம்பல் நிறம், ஒரு காதில் பழைய கடி. அது சொட்டுகளை ஒவ்வொன்றாக முகர்ந்து, சிலவற்றை நக்கி, பாட்டுக்காரர்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் அவசரப்படாமல் நடந்து வந்தது. யாரோ ஒருவர் செருப்புக் காலால் தள்ளிப் பார்த்தார். போகவில்லை. வீடியோக்காரன் கேமராவை வானத்துக்குத் திருப்பினான்.

பூனை கல்லறைக் குழி வரைக்கும் வந்தது.